கேட் கேமராவில் பேசியவன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் வாசலில் எபினேசர் செக்யூரிட்டியாக இருந்தார். அதற்கு முன்னால் அவர் ரோலிங் மில் தொழிலாளி. பழுக்கக் காய்ந்து வரும் இரும்புக் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடும் வேலை. வாலிப வயசு முழுக்க அங்கேதான் போனது. அந்தச் சத்தத்தில் இடது காது மந்தமாகிவிட்டது. மில்லை மூடியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அந்த வயசில் நெருப்புக்குப் பக்கத்தில் நிற்க யாரும் ஆள் எடுப்பதில்லை. ஒரு ஏஜென்சிக்காரன் நீலச் சட்டையும் தொப்பியும் கொடுத்து இந்தக் கேட்டில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மில்லில் பேச்சுக்குக் குறைவில்லை. அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கத்திப் பேசினாலும் அது பேச்சுதான். இங்கே அப்படி யாரும் கிடைக்கவில்லை. உள்ளே வேலை செய்தவர்கள் முக்கால்வாசி ஒடிசாக்காரப் பிள்ளைகள். "சாச்சா" என்று சிரித்துவிட்டுப் போவார்கள், அதற்கு மேல் இரு பக்கமும் பாஷை இல்லை. லாரி டிரைவர்கள் சீட்டில் கையெழுத்து வாங்கியதும் கிளம்பிவிடுவார்கள். கணக்குப் பார்க்கும் பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டே ஸ்கூட்டியில் உள்ளே போவாள், மாட்டிக்கொண்டே வெளியே வருவாள். எதிரில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் நீளமான மதில் சுவர். பகல் முழுக்க அதைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலும் ஆள் இல்லை. மகள் ஏஞ்சலுக்குக் காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை, அவளுக்கு இரட்டைக் குழந்தைகள். பார்த்துக்கொள்ள என்று போன மனைவி அஞ்சம்மாள் அங்கேயே தங்கிவிட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. குழந்தைகள் கொஞ்சம் வளரட்டும் என்றாள், அவை வளர வளர வேலையும் கூடிக்கொண்டே போனது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒற்றை அறையில் எபினேசர் தனியாக இருந்தார். அஞ்சம்மாள் தினமும் போன் செய்வாள். சர்க்கரை மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்பாள். பிறகு போன் குழந்தைகள் கைக்குப் போகும். அதுகள் எதையாவது அமுக்கும், லைன் கட்டாகும். அவ்வளவுதான் ஒரு நாளின் பேச்சு.

கம்பெனி முதலாளி மோகன்ராஜ் சென்னை அண்ணா நகரில் இருந்து வந்து போகிறவர். ஒருமுறை ஸ்டோரில் இருந்து மோட்டார் ஒன்று காணாமல் போனதும் கம்பெனி முழுக்கக் கேமரா வைத்தார். குறைந்த ரேட்டு சொன்ன ஒரு கடைக்காரன் வந்து ஒரே காலையில் எல்லாவற்றையும் மாட்டி, முதலாளியின் போனில் படம் தெரியும்படி செய்து கொடுத்துவிட்டுப் போனான். கேட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் மாட்டிய கேமராவில் ஸ்பீக்கரும் மைக்கும் இருந்தன. முதலாளி அண்ணா நகரில் இருந்தபடியே அதில் பேசுவார். "எபினேசர், அந்த வண்டிய உள்ள வுடாதீங்க" என்று திடீரென்று கம்பம் அதட்டும். ஆரம்பத்தில் எபினேசர் தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார். போகப் போகப் பழகிவிட்டது. பேச்சு வருவதற்கு முன்னால் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது கேட்டதும் தொப்பியைச் சரி செய்துகொள்வார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. எபினேசருக்கு இல்லை. மற்ற நாட்களில் லாரிச் சத்தமாவது உண்டு, ஞாயிற்றுக்கிழமை ரோடே காலியாகக் கிடக்கும். முன்பெல்லாம் அன்றைக்குச் சர்ச்சுக்குப் போவார், ஆராதனை முடிந்து வெளியே நின்று நாலு பேரோடு பேசுவார். அதுவும் நின்று போனது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் டிக் என்றது. எபினேசர் எழுந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் எட்ட வந்து குந்துங்க. உங்க தலைக்கு மேல ஷீட்டுல ஒரு காக்கா எலும்ப இழுத்துகினு இருக்குது. போட்டுடப் போவுது."

அண்ணாந்து பார்த்தார். காக்காவும் இருந்தது, எலும்பும் இருந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார்.

"சரிங்க சார்."

கம்பம் சிரித்தது. "நான் சார் இல்லண்ணே."

முதலாளியின் குரல் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வலது காதைக் கம்பத்துப் பக்கம் திருப்பினார். "அப்போ யாருப்பா நீ?"

"கேமரா எல்லாத்தையும் பாத்துக்கற ஆபீஸ்லேர்ந்து பேசறேன். எம் பேரு அன்பு."

கேமராவுக்கும் ஒரு ஆபீஸ் இருக்கும் என்று எபினேசர் நம்பினார். ஊரில் எதற்குத்தான் ஆபீஸ் இல்லை. "ஞாயித்திக்கெழமையும் உனுக்கு டியூட்டியா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு எல்லா நாளும் டியூட்டிதான்ணே."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் குரல் வந்தது. மற்ற நாட்களில் வராது. முதலாளி பார்த்துக்கொண்டிருப்பார் என்று அன்பு சொன்னான். அதுவும் எபினேசருக்கு நியாயமாகவே பட்டது. வேலை நேரத்தில் வாயடித்தால் அவனையும் திட்டுவார்கள்.

அவன் கேட்ட கேள்விகள்தான் விநோதமாக இருந்தன. மழை தூறிய ஒரு நாள், "மண்ணு வாசன வருதாண்ணே?" என்று கேட்டான். ஏசி ரூமில் அடைந்து கிடக்கிற பிள்ளை போலிருக்கிறது என்று எபினேசர் நினைத்துக்கொண்டார். இன்னொரு நாள் ஒரு லாரி வந்து திரும்பிப் போனபோது, "டி.என். இருவது. நம்ம திருவள்ளூர் வண்டி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வாரம் தவறாமல் ஒன்று கேட்பான்: "இன்னிக்கி இன்னா கொயம்பு?"

தனியாக இருக்கும் ஆளுக்கு என்ன குழம்பு? ஹோட்டலில் வாங்கிய புரோட்டாதான். முதல் தடவை அதைச் சொல்ல எபினேசருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்க் கருவாடும் கத்திரிக்காயும் வாங்கி வந்தார். காலையிலேயே எழுந்து குழம்பு வைத்து, தூக்குவாளியில் எடுத்துப் போய், கேமராவுக்கு முன்னால் மூடியைத் திறந்து காட்டினார்.

"ஐயோ, காட்டாதீங்கண்ணே. பேஜாரா இருக்குது" என்றான் அன்பு. சிரித்துக்கொண்டே சொன்னாலும் பாதியில் குரல் எங்கேயோ போய்விட்டது.

எபினேசரும் நிறையப் பேசினார். மில் கதைகளைச் சொன்னார். ஒரு நாள் பழுத்த கம்பி தடம் மாறித் துள்ளி, பக்கத்தில் நின்றவனைச் சுற்றிக்கொண்டதைச் சொன்னார். அவர் அதை நேரில் பார்த்தவர். அஞ்சம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் கம்பத்தில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நாற்காலிக்குத் திரும்பினார்.

"இருக்கேன்ணே" என்றது குரல். "இன்னா சொல்றதுன்னு தெரியல. அதான்."

அந்த வாரம் முழுக்க எபினேசருக்கு மனசு லேசாக இருந்தது.

வெயில் காலம் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று குழம்பு பற்றிய கேள்வி வரவில்லை. அன்பு மிகவும் தணிந்த குரலில் பேசினான், காதைக் கம்பத்தோடு ஒட்டி வைத்துத்தான் கேட்க முடிந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். கோச்சிக்காதீங்க. நான் கேமரா ஆபீஸ்ல இல்ல."

"பின்ன?"

"எனுக்கு ஊரு திருத்தணி பக்கம் ஆர்.கே.பேட்ட. கம்ப்யூட்டர் வேலன்னு சொல்லி தாய்லாந்துக்குக் கூட்டினு போனாங்க. அங்கேர்ந்து ஆத்த தாண்டி வேற நாட்டுல கொண்டாந்து அடச்சி வெச்சிருக்காங்க. பாஸ்போர்ட்ட புடுங்கிகினாங்க. சின்னச் சின்னக் கம்பெனியா தேடி, எதோட கேமரா, கம்ப்யூட்டரு பூட்டில்லாம தெறந்து கெடக்குதுன்னு பாத்து லிஸ்ட்டு போட்டுக் குடுக்கணும். அதான் எனுக்கு வேல. அப்டிப் பாக்க சொல்லோதான் உங்க கேட்டு தெரிஞ்சிது. செவுத்துல தமிழ் எய்த்து இருந்துச்சி. அதப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல."

எபினேசருக்குப் பாதிதான் புரிந்தது. "அடிக்கறாங்களா உன்ன?" என்று கேட்டார்.

அன்பு பேச்சை மாற்றினான். "உங்க கம்பெனி பேரும் லிஸ்ட்டுல ஏறிடுச்சிண்ணே. நான் மறச்சிப் பாத்தேன், இன்னொருத்தன் கண்டுபுடிச்சிட்டான். நாளைக்கே உங்க மொதலாளிகிட்ட சொல்லுங்க. கேமராவுக்குப் பொட்டியில வந்த பாஸ்வேர்டே இன்னும் இருக்குது, அத மாத்தச் சொல்லுங்க. கேமரா லைன ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்து தனியாப் பிரிக்கச் சொல்லுங்க. இல்லன்னா இது வழியா உள்ள பூந்து எல்லாத்தையும் பூட்டிடுவாங்க."

"மாத்திட்டா?"

"மாத்திட்டா யாரும் உள்ள வர முடியாது."

"நீ?"

"நானும்தான்ணே."

பின்னால் யாரோ புரியாத பாஷையில் அதட்டுவது கேட்டது. அதோடு நின்றுவிட்டது.

எபினேசர் வெகுநேரம் கம்பத்தடியிலேயே நின்றார். அவனுடைய வீடு எங்கே என்று முன்பு ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான். ஆர்.கே.பேட்டையில் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் அவன் அக்கா மாவு மில் வைத்திருக்கிறாள். அப்போது அது சென்னையில் வேலை செய்யும் ஒருவன் ஊர் ஞாபகத்தில் சொன்னதாகத்தான் தோன்றியது.

திங்கட்கிழமை முதலாளியின் கார் வந்தது. எபினேசர் கேட்டைத் திறந்து, காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மோகன்ராஜ் போனில் யாரிடமோ சரக்கு தாமதமாவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன என்பது போலக் கண்ணால் கேட்டார். எபினேசர் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். கார் உள்ளே போய்விட்டது.

போன் பேசி முடிக்கும்வரை காத்திருந்திருக்கலாம். சாயங்காலம் கார் திரும்பும்போது சொல்லியிருக்கலாம். கணக்குப் பார்க்கும் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம். எல்லாம் அவருக்குத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு பேசிவிட்டு, அவன் வீட்டு விலாசத்தைச் சரியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். விலாசம் ஒரு சாக்குதான். அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. எபினேசர் மீன் குழம்பு எடுத்து வந்திருந்தார். கேமரா டிக் என்று சொல்லவே இல்லை. பொழுது சாய்ந்து டியூட்டி மாற்ற ஆள் வரும்வரை நாற்காலியைக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அறைக்குப் போனார்.

மறுநாள் காலை முதலாளியின் கார் வருவதற்கு முன்னாலேயே கணக்குப் பார்க்கும் பெண் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தால் சிவப்பாக ஒரு அறிவிப்பு. உள்ளே இருந்த எதையும் திறக்க முடியவில்லை. ஆர்டர், பில், வாஷர் அச்சுகளின் வரைபடம், எல்லாமே பூட்டிக்கொண்டன. திறக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. காப்பி எடுத்து வைக்கும் டிஸ்க் ஒன்று இருந்தது; அதையும் எப்போதும் அதே கம்ப்யூட்டரில்தான் சொருகி வைத்திருந்தார்கள். அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது.

மோகன்ராஜ் சென்னையில் இருந்து ஸ்நேகா என்ற பெண்ணை வரவழைத்தார். இந்த மாதிரித் தாக்குதலுக்கு ஆளான கம்பெனிகளுக்கு உதவி செய்வதுதான் அவளுக்குத் தொழில். வந்ததும் முதல் வேலையாக எல்லா ஒயரையும் பிடுங்கச் சொன்னாள். பணம் கட்ட வேண்டாம், கட்டினாலும் திறப்பார்கள் என்று நிச்சயமில்லை என்றாள். சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுக்க வைத்தாள். பிறகு ஒவ்வொரு கம்ப்யூட்டராகத் தோண்டிப் பார்த்து, எந்த வழியாக வந்தார்கள் என்று கண்டுபிடித்தாள்.

"கேமரா வழியா சார்" என்றாள். "பாக்ஸ்ல வந்த பாஸ்வேர்ட் அப்படியே இருக்கு. அது உலகத்துக்கே தெரிஞ்ச பாஸ்வேர்ட். கேமராவும் அக்கவுன்ட்ஸ் கம்ப்யூட்டரும் ஒரே லைன்ல இருக்கு. வாசல்ல பூட்டு இல்ல, உள்ள அறைக்கெல்லாம் கதவும் இல்ல. அப்படித்தான் உள்ள வந்திருக்காங்க."

"நாங்க ரொம்பச் சின்னக் கம்பெனிம்மா. எங்ககிட்ட என்ன இருக்குன்னு வரப் போறான்?"

"சின்னக் கம்பெனின்னா காவல் இருக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும் சார். அதுக்காகவே வர்றாங்க."

கேமராவில் பதிவான படங்களை அவள் ஓட்டிப் பார்த்தபோது நடந்ததுதான் எபினேசருக்குக் கடைசிவரை மறக்கவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டார்கள். ஆபீஸ் அறையில் மோகன்ராஜும் ஸ்நேகாவும் கணக்குப் பெண்ணும் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். திரையில் கேட். ஆள் இல்லாத ரோடு. எபினேசர் தனியாக நின்று கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். படத்தில் சத்தம் பதிவாகவில்லை. சிரித்தார். கம்பத்தில் காதை வைத்துக் கேட்டார். மறுபடி சிரித்தார். தூக்கைத் திறந்து காட்டினார். ஸ்நேகா வேறொரு தேதிக்குப் போனாள். அங்கேயும் அதேதான். இன்னொரு தேதி. அங்கே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கணக்குப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மோகன்ராஜ் மெதுவாகக் கேட்டார்: "எபினேசர், உடம்பு ஏதாச்சும் சரியில்லையா உங்களுக்கு?"

தன்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள் என்று எபினேசருக்குப் புரிந்தது. அப்படியே விட்டிருந்தால் அவர்மேல் பரிதாபப்பட்டு அனுப்பியிருப்பார்கள்.

"நான் தனியா பேசல சார். எதிருல ஆள் இருந்தான்" என்றார். ஆரம்பத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். கடைசி ஞாயிற்றுக்கிழமை அன்பு சொன்ன எச்சரிக்கையையும், அதைத் தான் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னார்.

"ஒரு வாரமா உங்களுக்குத் தெரியுமா?" மோகன்ராஜின் குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்ளோ நாசம் ஆயிருக்காதே! ஏன்யா சொல்லல?"

"மாத்திட்டா அவன் வர மாட்டான்னான் சார்."

மோகன்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்நேகாதான் லேப்டாப்பை மூடினாள். "அந்த ஆள் ஊரு பேரு ஏதாவது சொன்னானா?" என்று கேட்டாள். எபினேசர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். போலீஸிலும் அதையே சொன்னார். அவர்கள் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இந்த மாதிரிப் போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் நிறையப் பேர், வீட்டில் இருந்து யாராவது மனு கொடுத்தால்தான் மேலே அனுப்ப முடியும் என்றார்கள்.

கம்பெனி தட்டுத்தடுமாறி எழுந்தது. ஆடிட்டரிடம் இருந்த பழைய கணக்கு, வாங்குபவர்களின் மெயில், கணக்குப் பெண்ணின் போனில் இருந்த பில் போட்டோக்கள் என்று ஒட்டுப்போட்டுச் சேர்த்தார்கள். வரைபடங்களை மறுபடி வரைய வேண்டியிருந்தது. பெரிய பார்ட்டி ஒன்று கைவிட்டுப் போனது. கேமராவின் பாஸ்வேர்டை மாற்றி, அதற்குத் தனி லைன் போட்டார்கள். காப்பி எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி இரும்புப் பீரோவில் வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் எல்லாத் தொழிலாளர்களையும் நிற்க வைத்து ஸ்நேகா பேசினாள். சந்தேகமாக எது பட்டாலும் உடனே சொல்லுங்கள், சொன்னதற்காக யாரையும் திட்ட மாட்டார்கள் என்றாள். ஒருவன் அதை இந்தியில் சொன்னான். எபினேசர் கடைசி வரிசையில் நின்று கேட்டார். அந்தக் கூட்டம் முடிந்த மறுநாள் ஏஜென்சி அவரைக் கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு குடோனுக்கு மாற்றியது. முதலாளி வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, இங்கே வேண்டாம் என்று மட்டும் சொன்னாராம்.

குடோனில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. முதல் லீவில் அவர் காக்களூருக்குப் போகவில்லை. திருவள்ளூர், திருத்தணி என்று பஸ் மாறி மாறி ஆர்.கே.பேட்டைக்குப் போனார். ரேஷன் கடையைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார். பக்கத்தில் மாவு மில் இருந்தது. உள்ளே தலைமுடியெல்லாம் மாவு படிந்த ஒரு பெண் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் சத்தத்துக்கு மேலே குரல் எழுப்ப அவருக்குத் தெரியும். "அன்புன்னு உங்க தம்பியாம்மா?" என்று கேட்டார்.

அவள் மெஷினை நிறுத்தினாள். ஜோதிலட்சுமி என்பது அவள் பெயர். "ஆமா. நீங்க யாரு?"

எபினேசர் சொன்னார். கேமராவில் பேசியதை, ஆற்றைத் தாண்டி அடைத்து வைத்திருப்பதை, அவன் எச்சரித்ததை. சொல்லச் சொல்ல அவள் முகம் இறுகிக்கொண்டே போனது.

"எவ்ளோ டப்பு வேணும்?" என்று கேட்டாள்.

"இன்னாம்மா?"

"போன மாசம் ஒருத்தன் போன் பண்ணான். உன் தம்பி போலீஸ்ல மாட்டிகினான், டப்பு அனுப்புன்னான். எந் தம்பி கொரலுலயே அக்கா அக்கான்னு அயுதான். கம்ப்யூட்டர்ல கொரல செஞ்சி பேச வெக்கறாங்களாம், அப்பறமா பேப்பர்ல பாத்தேன். இப்ப நேராவே ஆள அனுப்பறீங்களா?"

"நான் ஒண்ணும் கேக்க வரலம்மா."

"மொதல்ல யாரும் கேக்கறதில்ல. எந் தம்பி நல்லாதான் இருக்கான். மெசேஜி வருது. போங்க, இல்லன்னா ஆளக் கூப்புடுவேன்."

அவர் தன் ஆதார் அட்டையைக் காட்டினார். அட்டையெல்லாம் யாரும் அடித்துக்கொள்ளலாம் என்றாள். அவள் சொல்வதில் தப்பே இல்லை என்று எபினேசருக்குத் தோன்றியது. முன்பின் தெரியாத ஒரு ஆள், யாரும் பார்க்காத ஒரு கதையைச் சொல்கிறான். தானே கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். "கும்மிடிப்பூண்டி கம்பெனி விஷயமா போலீஸ்ல நான் எய்திக் குடுத்திருக்கேன். என்ன நம்ப வேணாம், அங்க போயி விசாரி. ஊட்லேர்ந்து மனு குடுத்தாதான் கொண்டார முடியும்னு சொன்னாங்க" என்றார். அவள் மெஷினைப் போட்டுவிட்டாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் வந்து ஒரு டீ வாங்கினார். குடிக்கவில்லை. திருத்தணி பஸ் வந்ததும் ஏறிக்கொண்டார்.

ஜோதிலட்சுமி போலீஸில் போய் விசாரித்திருக்கிறாள் என்பது, போலீஸில் இருந்து இவரைக் கூப்பிட்டு இன்னொரு முறை கேட்டபோதுதான் தெரிந்தது. மனு போனது. கலெக்டர் ஆபீஸ், எம்பசி என்று அது எங்கெங்கோ சுற்றியது. மழைக்காலம் வந்து போனது. அங்கே மாட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டமாக மீட்டுக் கொண்டுவந்தபோது அன்பும் அதில் வந்து சேர்ந்தான். இங்கேயும் அவனைப் பல நாள் விசாரித்தார்கள்.

ஒரு சாயங்காலம் புது எண்ணில் இருந்து போன் வந்தது. "அண்ணா, நான் ஜோதிலட்சுமி. போலீஸ்ல உங்க நம்பர வாங்கனேன். அன்னிக்கி உங்கள அப்டிப் பேசிட்டேன்" என்றவள், "இருங்க, அவங்கிட்ட குடுக்கறேன்" என்றாள்.

"அண்ணே."

எபினேசருக்கு அந்தக் குரல் அடையாளம் தெரியவில்லை. கம்பத்து ஸ்பீக்கரில் மெல்லிசாக, தகரத்தில் பட்டு வருவது போல வந்த குரல்தான் அவருக்குப் பழக்கம். இது கனமான குரல். வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

"நல்லா இருக்கியாப்பா?"

"இருக்கேன்ணே. உங்க கம்பெனிய பூட்டுனது நான் இல்லண்ணே. ஆனா கேட்ட மொதல்ல பாத்தது நான்தான். நான் பாக்கலன்னா..." நிறுத்தினான். "உங்க வேல போச்சா?"

"போவல. வேற எடத்துக்கு மாத்திட்டாங்க. கம்பெனியும் நடக்குது."

"சரிண்ணே."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு வரவில்லை. போனில் ஆளுக்கு முகமில்லை. அவனால் இவரைப் பார்க்க முடியவில்லை, தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஒருநாள் நேரில் வருகிறேன் என்றான். எபினேசரும் வா என்றார்.

அவன் வரவில்லை. எபினேசர் இரண்டு மூன்று முறை போன் செய்து பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது. கடைசியில் ஜோதிலட்சுமி எடுத்தாள். "அவன் போன தொடவே மாட்டேன்றான்ணா. யார் பேசுனாலும் அந்த எடத்து ஞாபகம் வருதாம். மில்லுல எங்கூடவே இருக்கான், மூட்ட தூக்கறான். நீங்க தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள்.

எபினேசர் தப்பாக நினைக்கவில்லை. அவன் மறக்க வேண்டிய இடத்தில்தான் தானும் இருக்கிறோம் என்று புரிந்துகொண்டார். அதற்குப் பிறகு போன் செய்வதை நிறுத்திவிட்டார்.

அடுத்த லீவில் பெரியபாளையம் வழியாகப் பஸ் பிடித்துக் காக்களூருக்குப் போனார். ஏஞ்சலும் மருமகனும் வெளியே போயிருந்தார்கள். குழந்தைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன. அஞ்சம்மாள் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து எபினேசர் எல்லாவற்றையும் சொன்னார். டியூட்டி குடோனுக்கு மாறியது மட்டும்தான் அவளுக்கு இதுவரை தெரியும். கீரையை வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"இவ்ளோ நடந்திருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே நீங்க."

"போன்ல எங்க சொல்றது. நீயும் வேலயா இருப்ப."

அஞ்சம்மாள் இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "வாரா வாரம் அப்டி இன்னாதான் பேசுவீங்க அவங்கிட்ட?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எபினேசர் எங்கே தொடங்குவது என்று யோசித்தார். மில்லில் துள்ளிய கம்பியில் இருந்து தொடங்கலாம் என்று நினைத்தார். "நான் மில்லுல இருக்க சொல்லோ ஒரு நாளு..." என்று ஆரம்பித்தார்.

உள்ளே ஒரு குழந்தை எழுந்து அழுதது. அந்தச் சத்தத்தில் இன்னொன்றும் எழுந்துகொண்டது. "இருங்க, தோ வந்துடறேன்" என்று அஞ்சம்மாள் எழுந்து போனாள். ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்குப் பால் கலக்கும் சத்தம் கேட்டது. எபினேசர் ஆயாமல் கிடந்த கீரையை எடுத்து ஆயத் தொடங்கினார். முழுவதும் ஆய்ந்து முடித்த பிறகும் அவள் வரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தார்.